மிதக்கும் களைகள் வாழும் விதமும் அவற்றை ஒழிக்கும் வழியும்

மழைநீர் தேங்கிய மிளகாய்ப் பாத்தியில் செடிகள் வாடிச் சாவதைக் கமக்காரர் யாவரும் கண்டிருப்பர். காற்றுக் கிடையாமையால் அவற்றின் வேர் அழுகுகின்றது. ஆயின் நெல் நீரில் நின்றும் செழிக்கின்றது. அதன் இலையிலிருந்து வேர்வரை செல்லும் நுண்ணிய காற்றறைகள் வேருக்குக் காற்றைக் கொண்டு சேர்க்கின்றன. நீரில் வாழும் தாவரங்கள் பலவற்றிற்கும் இவ்வமைப்பு உண்டு. நெல்லுக்குப் பகையான இரு மிதக்கும் களைகளும் காற்றின் துணைகொண்டே வாழ்கின்றன.

ஆகாயத் தாமரை

ஆற்றுவாழை எனவும் சொல்லப்படும் இக்களையின் இலைக்காம்பு பருத்துப் பஞ்சுபோல் காற்று நிறைந்திருக்கும். அதனால் செடி அமிழ்வதில்லை. இது ஓடுதண்டுகளாற் பெருகுவதோடு விதையும் தருகின்றது. அவ்விதை சேற்றிற் பல ஆண்டுகள் உயிருடன் கிடந்து பின் முளைக்கும். இதனை ஒழிப்பதற்கென 1909ஆம் ஆண்டிலேயே இலங்கையிற் சட்டம் ஆக்கப்பட்டது.

சல்வீனியா

பிரேசில் நாட்டிற்குரிய இக்களை 1939ஆம் ஆண்டில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. ஒவ்வொரு கணுவிலும் மூன்று இலைகள் உள. இரண்டு மிதக்கும், மூன்றாவது பிளவுண்டு வேர்போல் நீரில் தொங்கும். மிதக்கும் இலைகளின் மேலுள்ள மயிர்கள் காற்றைப் பிடித்துவைப்பதால், நீருள் அமிழ்த்தினும் இலை நனையாது மேலெழும். இதற்குப் பூவுமில்லை, விதையுமில்லை. அரும்புள்ள சிறு துண்டே புதுச்செடியாகின்றது. 1986ஆம் ஆண்டில் இந்நாட்டிற்குக் கொண்டுவரப்பட்ட சிறு வண்டு அவ்வரும்புகளையே தின்பதால் பல இடங்களில் இக்களை குறைந்தது.

செய்யவேண்டியவை

1. ஆகாயத் தாமரையைப் பூக்குமுன் அகற்றுக. பூத்துவிட்ட செடிகளைக் கூட்டுப்பசளைக்குச் சேர்க்காது, உலர்த்தி எரித்துவிடுக.

2. சல்வீனியாவை வெட்டிச் சிதைக்காது முழுதாக வாரி எடுக்குக. உழுமுன் வயலிலிருந்து அகற்றுக. உழவில் அறுபடும் துண்டுகள் வயலெங்கும் பரவும்.

3. வாரிய களையை வரம்பில் விடாது, வெள்ளம் எட்டாத மேட்டிற் பரப்பி நன்கு உலர்த்துக.

4. வாய்க்கால்நீர் வயலுட் புகும் இடத்தில் நெருக்கமான தட்டி கட்டுக. அதில் தங்கும் களையை அடிக்கடி அகற்றுக.

மேல்வயலில் எஞ்சிய ஒரு துண்டு நீரோடு கீழ்வயலை வந்தடையும். ஆதலின் ஒரே குளத்து நீரைப் பாய்ச்சும் கமக்காரர் அனைவரும், விதைப்புக்கு முன் ஒரே காலத்தில் வாய்க்கால்களையும் வயல்களையும் துப்புரவு செய்தல் வேண்டும். தனியொருவர் முயற்சியால் இக்களை ஒழியாது.