கயிற்றுக்கு அப்பால் கூப்பிட்டால்

எகிப்தின் லக்சர் நகரில் இருக்கிறது கர்னாக் கோயில். 134 தூண்கள் நிற்கும் அதன் பெரிய மண்டபத்தில், ஓரமாக நிற்கும் காவலாளி ஒருவர் கண்ணைக் காட்டிக் கூப்பிடுவார். தடுப்புக் கயிற்றைத் தூக்கிப் பிடித்து, "உள்ளே நல்ல சிற்பம் இருக்கிறது" என்பார். அவர் எதிர்பார்ப்பது பக்‌ஷீஷ், அதாவது இனாம். வழி காட்டியவருக்குச் சில்லறை கொடுப்பதில் தவறில்லை. ஆனால் கயிற்றைத் தாண்டினால் மாட்டிக்கொள்வது நீங்கள்தான். தொல்பொருள் பாதுகாப்புக்கான 1983-ஆம் ஆண்டின் 117-ஆம் எண் சட்டம் கடுமையானது. அனுமதியின்றித் தொல்சின்னத்தின் மேல் ஏறினாலே சிறையோ அபராதமோ விதிக்கலாம் என்று 2020-இல் அதைத் திருத்தினார்கள். காவலாளி கூப்பிட்டார் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. லக்சர் கோயில் சிற்பத்தில் ஒரு சீனச் சிறுவன் தன் பெயரைக் கீறியது 2013-இல் உலகச் செய்தியாகி, பெற்றோர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்க நேர்ந்தது.

வாசலில் விற்கும் 'பழங்கால' வண்டுச் சிலை இன்னொரு கண்ணி. அதே 1983 சட்டம் தொல்பொருள் வியாபாரத்தையே தடை செய்துவிட்டது. ஆகவே அசல் என்று சொல்லி விற்கும் பொருள் போலியாக இருந்தால் பணம் போச்சு. நிஜமாகவே அசலாக இருந்தால் விமான நிலையத்தில் வழக்கு. நகல் என்று எழுதிய ரசீதோடு வாங்குங்கள். ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். அனுமதியில்லாமல் கொண்டுபோனால் சுங்கத்திலேயே பறிமுதல்தான்.

எட்ஃபு நகரில் படகுத்துறையிலிருந்து ஹோரஸ் கோயிலுக்குக் குதிரைவண்டி போகும். ஏறும்போது ஒரு தொகை சொல்வார்கள். இறங்கும்போது, அது ஒரு ஆளுக்கு என்பார்கள், அல்லது போவதற்கு மட்டும் என்பார்கள். எத்தனை பேர், போக வரவா, எந்த நாணயம் என்று மூன்றையும் தாளில் எழுதிக் காட்டிவிட்டு ஏறுங்கள். அரபு எண்களைக் கொஞ்சம் பழகிக்கொள்வது நல்லது: ٥ பார்க்கச் சுழியம் போலிருக்கும், அது 5, சுழியமோ வெறும் புள்ளி. மீதிப் பணத்தில் 50 பவுண்டுக்குப் பதில் 50 பியாஸ்தர் தாளைச் சொருகுவது பழைய தந்திரம். நூறு பியாஸ்தர்தான் ஒரு பவுண்டு. தாளின் ஒரு பக்கம் ஆங்கிலத்தில் இருக்கும், திருப்பிப் பார்த்துவிட்டு நகருங்கள்.

சொந்த உபயோகத்துக்குக் கைபேசியில் படமெடுக்கப் பொதுவாகத் தனிக் கட்டணம் கிடையாது. யாராவது கேட்டால், சீட்டுக் கவுன்ட்டரில் விசாரிக்கிறேன் என்று சொல்லுங்கள். பெரும்பாலும் பேச்சு அதோடு நின்றுவிடும்.

தகராறு முற்றினால் சுற்றுலாக் காவல்துறையை 126-இல் அழைக்கலாம். வண்டி எண்ணையும் சீட்டையும் படமெடுத்து வையுங்கள். பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் போலீஸ் புகார், பிறகு கெய்ரோவிலுள்ள நம் நாட்டுத் தூதரகம். நகலைத் தனியாக வைத்திருந்தால் வேலை சுலபம். கைது செய்தால், தூதரகத்துக்குத் தகவல் தரும்படி கேட்க 1963-ஆம் ஆண்டின் வியன்னா தூதரக உறவு ஒப்பந்தப்படி உங்களுக்கு உரிமை உண்டு. அரபியில் எழுதி நீட்டும் தாளில், என்ன இருக்கிறதென்று ஒருவர் மொழிபெயர்த்துச் சொல்லும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.