ஆறாத தடிப்புக்கு இரண்டாவது பயாப்ஸி ஏன்?

தொடை, பிட்டம், மார்பு என வெயில் படாத இடங்களில் மெல்லிய செதிலுடன் ஒரு தடிப்பு. களிம்பு பூசினால் மங்கும், நிறுத்தினால் திரும்பும். கரப்பான், சொரியாசிஸ், படர்தாமரை என்று ஆண்டுக்கணக்கில் வைத்தியம் நடக்கும். இப்படிப்பட்ட தடிப்புகளில் மிக அபூர்வமாக ஒன்று மைக்கோசிஸ் ஃபங்காய்டிஸாக இருந்துவிடுகிறது. பெயரைக் கேட்டுப் பூஞ்சை நோய் என்று எண்ண வேண்டாம். நோய் எதிர்ப்புக்கான டி செல்கள் தோலில் தங்கிக் கட்டுப்பாடின்றிப் பெருகும் நிணநீர்ப் புற்றுநோய் இது.

பாரிஸ் மருத்துவர் அலிபேர் 1806-இல் இதை விவரித்தார். அவர் பார்த்தது முற்றிய கட்டிகளை. அந்த நிலையில் சந்தேகம் எழுவது எளிது. சிரமமெல்லாம் தொடக்கத்தில்தான். அறிகுறி தோன்றியதிலிருந்து நோய் உறுதியாக மூன்று நான்கு ஆண்டுகள் ஆவது சகஜம்.

நோயை உறுதிசெய்யும் பயாப்ஸியில், மரத்துப்போக ஊசி போட்டு, சிறு துண்டு தோலை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். மேல்தோலின் அடிவரிசையில் டி செல்கள் ஒட்டி நிற்கின்றனவா, அவற்றின் உட்கரு மூளையைப்போல் மடிந்திருக்கிறதா என்று தேடுகிறார்கள். ஆரம்பத்தில் அத்தகைய செல்கள் கொஞ்சமே இருக்கும். சாதாரண அழற்சி செல்களுக்குள் மறைந்துவிடும். ஸ்டீராய்டு களிம்பு பூசிய தோலில் இருக்கும் தடயமும் மங்கிவிடும். அதனால்தான் பயாப்ஸிக்குச் சில வாரங்கள் முன்பே களிம்பை நிறுத்தச் சொல்கிறார்கள். மருந்துச்சீட்டே இல்லாமல் கடையில் ஸ்டீராய்டு களிம்பு கிடைக்கும் நம் ஊரில், இன்னது பூசினேன் என்று மருத்துவரிடம் மறைக்காமல் சொல்வது மிக முக்கியம்.

முதல் முடிவில் ஒன்றும் இல்லை என்று வந்தாலும், தடிப்பு ஆறாவிட்டால் வேறு இடத்திலிருந்து மீண்டும் தோல் எடுக்க வேண்டும். அந்த டி செல்கள் ஒரே தாய்ச் செல்லின் வழிவந்தவையா என்று மரபணுச் சோதனையும் செய்வார்கள். ஆனால் தீங்கற்ற அழற்சியிலும் சில சமயம் அப்படித் தெரியும் என்பதால், அதை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது.

நம்மைப் போன்ற கருந்தோலில் இது சிவப்பாகத் தெரியாமல், குறிப்பாகச் சிறுவர்களிடம், வெளிறிய திட்டுகளாகவும் வரும். தேமல், வெண்புள்ளி, தொழுநோய் எல்லாமே சந்தேகப் பட்டியலில் இருக்கும். தொழுநோய்த் திட்டில் பெரும்பாலும் உணர்ச்சி குறையும். இதில் பொதுவாகக் குறையாது.

சிறு பரப்பில் மெல்லிய தடிப்பாக இருக்கும்போதே கண்டுபிடித்தால், பெரும்பாலோரின் ஆயுள் மற்றவர்களைப் போலவே இருக்கும். அவர்களுக்குக் கீமோதெரபி பொதுவாகத் தேவைப்படுவதில்லை. மருத்துவர் மேற்பார்வையில் களிம்பும் புற ஊதா ஒளிச் சிகிச்சையும்தான் முதலில் தருவார்கள்.