மாநாட்டு மேடையும் தொட்டிலும்

மகள் பிறந்து நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. பரமத்தி வேலூரில் தாய்வீட்டில் இருந்தேன். தாவரவியல் மாநாடு ஒன்றில் அமர்வு ஒருங்கிணைப்பாளர் பொறுப்பைக் கருவுறும் முன்பே ஏற்றிருந்தேன். மதிப்பீட்டுக்கு வந்த நாற்பது ஆய்வுச் சுருக்கங்களையும், குழந்தை உறங்கிய இரவுகளில் படித்துக் குறிப்பெழுதி அனுப்பினேன். நிகழ்ச்சி நிரல் வெளியானபோது அமர்வுத் தலைவர் இடத்தில் வேறொருவர் பெயர் இருந்தது. கைக்குழந்தையோடு எனக்குச் சிரமம் வேண்டாம் என்று தாங்களே மாற்றிவிட்டதாகச் சொன்னார்கள். அவர்களின் அக்கறையை நான் ஐயுறவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்பதே என் வருத்தம்.

மாநாட்டுப் பணிக்கு ஊதியம் இல்லை. ஆயினும் ஓர் ஆய்வாளரைத் துறையினர் அறிவது அதன் வழியாகத்தான். கூட்டாய்வுக்கான அழைப்பும், ஆய்விதழ்களின் ஆசிரியர் குழுவில் இடமும் பெரும்பாலும் அந்த அறிமுகத்திலிருந்தே பிறக்கின்றன. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளும் கருத்தரங்க உரைகளுக்கு மதிப்பெண் வகுத்தன: வெளிநாட்டில் நடக்கும் பன்னாட்டுக் கருத்தரங்குக்கு 7, உள்நாட்டில் நடப்பதற்கு 5, தேசியக் கருத்தரங்குக்கு 3. பயணம் செய்ய இயலாத தாய் இந்த ஏணியில் கீழ்ப்படியிலேயே நின்றுவிடுகிறாள்.

சட்டம் நம்மைக் கைவிட்டுவிடவில்லை. 2017ஆம் ஆண்டுத் திருத்தம் முதல் இரு குழந்தைகளுக்கான மகப்பேறு விடுப்பை 26 வாரங்களாக உயர்த்தியது. 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. தமிழக அரசு 2021இல் தன் ஊழியர்களுக்கு விடுப்பை ஓராண்டாக்கியது. முனைவர் பட்ட ஆய்வு மாணவியர் 240 நாள் வரை விடுப்புப் பெறலாம். ஆனால் இவை பெரும்பாலும் பணியிலிருந்து விலகி நிற்பதற்கான உரிமைகள். குழந்தையோடு பணியில் பங்கேற்க விரும்புபவளுக்கு மாநாட்டு அரங்கில் என்ன ஏற்பாடு உண்டு என்பதைப் பற்றி இவை பேசவில்லை.

இழப்பின் அளவை அமெரிக்காவில் 2019இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. முதல் குழந்தைக்குப் பின், அறிவியல், தொழில்நுட்பத் துறைகளில் முழுநேரப் பணியிலிருந்த பெண்களில் 43 விழுக்காட்டினர் அப்பணியை விட்டு விலகினர்; சிலர் பகுதிநேர வேலைக்கு மாறினர், சிலர் வேறு துறைக்குச் சென்றனர். ஆண்களில் இது 23 விழுக்காடு. அதற்கு முந்தைய ஆண்டு, அறிவியலாளர்களான தாய்மார் குழு ஒன்று மாநாடுகளுக்கென்றே சில பரிந்துரைகளை முன்வைத்தது: குழந்தைப் பராமரிப்புக்கு நிதி, பாலூட்டும் அறை, குடும்பங்களுக்கு ஏற்ற இடமும் நேரமும். அமெரிக்க இயற்பியல் கழகம் தன் கூட்டங்களுக்கு வரும் பெற்றோருக்கு இத்தகைய உதவித்தொகை வழங்குகிறது.

நம் ஊர்க் கல்லூரிகளுக்கும் இது எட்டாத செலவன்று. நினைவுப் பரிசுகளுக்கும் பொன்னாடைகளுக்கும் ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதி போதும். அரங்கத்தை ஒட்டிய ஓர் அறையும், இரு பராமரிப்பாளர்களும், தாயுடன் துணைக்கு வருபவருக்குப் பயணச் செலவும் கிடைத்துவிடும். அமர்வுக்கு இணைத் தலைவரை நியமித்தால், குழந்தைக்குக் காய்ச்சல் வரும் நாளிலும் பணி தடைபடாது. காசே செலவாகாத ஏற்பாடும் ஒன்று உண்டு: வருவதா, இணையவழியில் பங்கேற்பதா, விலகுவதா என்பதை அவளிடமே கேட்பது.

எங்கள் ஊர் வெற்றிலைக் கொடிக்கால்களில், வரப்போரத்து மரத்தில் தூளி கட்டிவிட்டு இலை கிள்ளும் பெண்களைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். அது வறுமையின் கட்டாயம். போற்றத்தக்கதாக நான் அதைச் சொல்லவில்லை. ஆனால் குழந்தை பிறந்துவிட்டது என்பதற்காக அவளைக் கேளாமலே அவளுடைய பாத்தியை இன்னொருவரிடம் அங்கே யாரும் ஒப்படைத்து நான் கண்டதில்லை.