நம்மைக் காக்கும் அணுக்களைக் காப்பது எது?

தடுப்பூசி போட்ட அன்று இரவு குழந்தைக்குக் காய்ச்சல் அடித்தால், "ஏன்தான் போட்டோமோ" என்று கலங்கி, அடுத்த ஊசியைத் தவிர்த்து விடுகிறவர்கள் நம்மிடையே உண்டு. அந்த இலேசான காய்ச்சலுக்குப் பின்னால் நடப்பதை நாம் சற்றே அறிந்துகொள்வது நல்லது.

நம் இரத்தத்தில் டி அணுக்கள் என்னும் வெள்ளணுக்கள் உள்ளன. ஒரு கிருமி நுழைந்ததும், அதனை அடையாளம் காணும் சில டி அணுக்கள் பல்லாயிரமாகப் பெருகுகின்றன. கிருமி ஒழிந்ததும் அவற்றுள் பெரும்பாலானவை மடிந்துவிடுகின்றன. பிழைத்திருக்கும் சிலவே நினைவு அணுக்களாகி, அதே கிருமி மீண்டும் வரும்போது விரைந்து எதிர்க்கின்றன.

இந்த அணுக்கள் பிழைப்பதற்குத் துணைநிற்பவற்றுள் ஒன்று, பிறவியிலேயே நமக்கு அமைந்துள்ள 'டோல்' வகை ஏற்பிகள். மனித உடலில் இவை 10 வகை. கிருமிகளுக்கே உரிய பொதுவான கூறுகளை உணர்ந்து, ஆபத்து வந்துவிட்டதென அறிவிப்பவை இவை. 1996இல் பழ ஈக்களில் ஜூல்ஸ் ஹாஃப்மனும், 1998இல் எலிகளில் புரூஸ் பாய்ட்லரும் இவற்றின் பணியை வெளிப்படுத்தி, 2011ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

காவல் அணுக்களில் உள்ள இந்த ஏற்பிகள் தூண்டப்பட்டால், அந்தக் காவல் அணுக்கள் டி அணுக்களுக்கு ஊக்கம் தருகின்றன. ஊக்கம் பெறாத டி அணுக்கள் செயலிழக்கின்றன அல்லது மடிகின்றன. இதே ஏற்பிகள் டி அணுக்களிலும் உண்டு. அவை நேரடியாகத் தூண்டப்பட்டாலும் டி அணுக்கள் நீண்டநாள் பிழைக்கின்றன என்பதை, 2004இல் அமெரிக்க ஆய்வாளர்கள் எலிகளின் அணுக்களைக் கொண்டு காட்டினர். அணுவின் மரணத்தைத் தடுக்கும் ஒரு புரதம் அப்போது அணுவுக்குள் கூடுதலாக உருவாகிறது.

ஆகவேதான் சில தடுப்பூசிகளில், செயலிழக்கச் செய்த கிருமியோடு அல்லது அதன் கூறோடு இந்த ஏற்பிகளை எழுப்பும் பொருளையும் சேர்க்கின்றனர். 2021 சனவரியில் இந்தியாவில் அவசரப் பயன்பாட்டிற்கு அனுமதிக்கப்பட்ட கோவாக்சின் அத்தகையதே.

ஆனால் அளவு மீறினால் இதுவும் தீங்கே. இந்த ஏற்பிகள் ஓயாமல் தூண்டப்பட்டால், லூப்பஸ் போன்ற நோய்களில் காண்பதுபோல, உடல் தன்னையே தாக்கத் தொடங்கும். போர் முடிந்ததும் டி அணுக்கள் மடிவதும் நம் நலனுக்காகவே.

எனவே, ஊசிக்குப் பின் வரும் கைவலியும் இலேசான காய்ச்சலும் பெரும்பாலும் காவல் விழித்துக்கொண்டதன் அடையாளமே. காய்ச்சல் வராவிட்டாலும் ஊசி பலன் தரும். காய்ச்சல் கடுமையானால் மருத்துவரிடம் காட்டுவோம். அடுத்த ஊசியை மட்டும் அச்சத்தால் தள்ளிப்போடாதிருப்போம்.