வெண்மணியும் பாவத்தின் இருப்பிடமும்

காரைக்கால் 1954 வரை பிரெஞ்சு ஆட்சியின்கீழ் இருந்தது. இன்று புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சார்ந்தது. ஆட்சி எல்லை அதனைச் சூழ்ந்துள்ள தமிழ்நாட்டினின்று பிரிப்பினும், காவிரிக் கழிமுகத்தின் வயல்வெளி ஒன்றே. ஆதலின், தெற்கே நாகை வட்டாரத்துக் கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு நிகழ்ந்ததை அயலார் கதையென இங்கு அருட்பணியாற்றுவோர் ஒதுக்கிவிட இயலாது. தாழ்த்தப்பட்ட உழவுத் தொழிலாளர் அரைப்படி நெல் கூடுதல் கூலியாகக் கேட்டுப் போராடிய காலம் அது. இராமையாவின் குடிசைக்குள் ஒளிந்த 44 பேர் உயிரோடு எரிக்கப்பட்டனர். அவருள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளுமாவர். கிறிஸ்து பிறப்பு நாளின் இந்நிகழ்ச்சி நம் இறையியலை நோக்கி ஒரு வினாவை எழுப்புகிறது: பாவம் எங்கே குடியிருக்கிறது?

தனிமனிதரிடம் என்பதே பலரும் அளித்த விடை. 1970இல் அமர்வு நீதிமன்றம் நிலவுடைமையாளர் சிலருக்குச் சிறைத்தண்டனை விதித்தது. 1973இல் உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. செல்வந்தர்கள் தாமே நடந்து சென்று தீயிட்டிருப்பர் என்பது நம்பத்தக்கதன்று என அது கருதிற்று. இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ (1975) நிலக்கிழாரின் ஆண்மைக் குறையைக் கொடுமையின் உளவியல் வேராகக் காட்டியது. 1977இல் சாகித்திய அக்காதெமி விருது பெற்ற அந்நாவலைத் தழுவி, ஸ்ரீதர்ராஜன் 1983இல் ‘கண் சிவந்தால் மண் சிவக்கும்’ என்னும் திரைப்படத்தை இயக்கினார். கூலிப் போராட்டத்தைத் தனிமனிதக் குறையாகச் சுருக்கியதென நாவலின்மீது இடதுசாரிகள் கூறிய குற்றச்சாட்டு, நாமும் எண்ணத்தக்கதே.

இவ்விடத்தில் பிரேசில் நாட்டுத் திரைப்படம் ஒன்று நமக்குத் துணைசெய்கிறது. கிளாபர் ரோஷா 1964இல் இயக்கிய அதன் பெயர் ‘கதிரவன் நாட்டில் கடவுளும் சாத்தானும்’ எனப் பொருள்படும். மாட்டுக்காரன் மனோயேல், தன் பங்கை மறுத்துச் சாட்டையால் அடித்த பண்ணையாரைக் கொல்கிறான். பண்ணையார் மடிந்தும் அநீதி மடியவில்லை. வறண்ட நிலம் கடலாகும் என வாக்களிக்கும் செபஸ்தியான் என்னும் சாமியாரை முதலில் பின்பற்றுகிறான்; அவ்வழி ஒரு குழந்தையின் பலியில் முடிகிறது. பின்னர்க் கொள்ளைத் தலைவன் கொரிஸ்கோவைப் பின்பற்றுகிறான். அவ்வழி குருதியில் முடிகிறது. காத்திருக்கச் சொல்லும் சமயமும் பழிவாங்கும் வாளும் நிலத்தின் உறவை மாற்றவில்லை என்பதே அப்படம் உணர்த்துவது.

நம் கழிமுகமும் இதற்குச் சான்று பகர்கிறது. வெண்மணி வழக்கில் தண்டனை பெற்றுப் பின் விடுதலையான கோபாலகிருஷ்ண நாயுடு 1980இல் கொல்லப்பட்டார். அக்கொலையால் எவருக்கும் ஒரு குழி நிலமும் கிட்டவில்லை. வெண்மணித் துயரின்பின் இப்பகுதிக்கு வந்து பணியாற்றிய காந்தியவாதிகளான கிருஷ்ணம்மாள், ஜகந்நாதன் இணையர் 1981இல் ‘லாப்டி’ இயக்கத்தைத் தொடங்கினர். நிலக்கிழாரோடு பேசி, நியாய விலைக்கு நிலம் வாங்கி, நிலமற்ற குடும்பத்துப் பெண்களின் பெயரில் பதிவுசெய்வித்தனர். இவ்வழி மெதுவானது, எனினும் பாவம் குடியிருந்த இடத்தையே அது தொட்டது.

திருமறையும் அவ்விடத்தையே சுட்டுகிறது. நாபோத்தின் திராட்சத் தோட்டத்தில் ஆகாபின் பேராசை மட்டுமன்று, பொய்ச்சாட்சியும் ஊர் மூப்பரின் உடன்பாடும் கூடியே கொலையாயின. அறுத்தவர்க்கு மறுக்கப்பட்ட கூலி ஆண்டவரின் செவியை எட்டுகிறது என்கிறார் யாக்கோபு. தனிமனித மனந்திரும்புதலை நாம் விட்டுவிடல் ஆகாது. சகேயுவின் மனமாற்றமே உடைமைப் பங்கீட்டில் அன்றோ வெளிப்பட்டது!

ஆதலின் கிறிஸ்து பிறப்பு நாளில் பிரசங்க பீடம் ஏறுவோர் 44 பேரை நினைவுகூர்தல் தகும், அது போதாது. திருச்சபைகளுக்கும் நிலங்கள் உள்ளன. அவற்றில் உழைப்போர் யார், அவர் பெறும் கூலி யாது என்னும் கணக்கைச் சபையார்முன் வைத்த பின்னரே, வெண்மணியைப் பற்றிப் பேசும் உரிமை நமக்கு உண்டாகும்.