உலக சராசரி வெப்பநிலையை எப்படி கணக்கு போடுறாங்க? 8000 கட்டங்களின் கதை!

'பதிவானதிலேயே அதிக வெப்பமான ஆண்டு 2024'னு செய்தியில பார்த்திருப்பீங்க. மொத்த உலகத்துக்கும் ஒரே தெர்மாமீட்டரா வெச்சிருக்காங்க? இல்லை. ஆயிரக்கணக்கான வானிலை நிலையங்கள். கடலில் கப்பல்கள், மிதவைகள்.

சிக்கல் என்னன்னா, ஐரோப்பா, அமெரிக்காவில் நிலையங்கள் நெருக்கமாக உள்ளன. ஆர்க்டிக், சகாராவில் ரொம்பக் குறைவு. எல்லாவற்றையும் அப்படியே கூட்டி வகுத்தால், நிலையம் அதிகமுள்ள ஊர்களின் சராசரிதான் கிடைக்கும்.

அதனால் நாசா பூமியை சம பரப்புள்ள 80 பெரிய கட்டங்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொன்றிலும் 100 சிறிய கட்டங்கள். ஆக மொத்தம் 8000. ஒரு சிறிய கட்டம் தமிழ்நாட்டில் ஏறக்குறைய பாதி! அதன் மையத்திலிருந்து 1200 கி.மீ.க்குள் இருக்கும் நிலையங்கள் கணக்கில் வரும். கிட்ட இருந்தா மதிப்பு அதிகம், தள்ளிப் போகப் போக குறையும். பிறகு சிறிய கட்டங்களைச் சேர்த்து பெரிய கட்டம், அதிலிருந்து அட்சரேகைப் பட்டை, கடைசியாக உலகம்.

அவ்வளவு தூரம் சரியா வருமா? ஊட்டியும் கோவையும் ஒரே குளிர் கிடையாதே! உண்மைதான். ஆனா வழக்கத்தைவிட வெயில் கூடினா, பெரும்பாலும் ரெண்டு ஊரிலும் கூடும். அதனால் வெப்பநிலையை அல்ல, 1951-1980 சராசரியிலிருந்து எவ்வளவு மாறியது என்பதையே எடுக்கிறார்கள். 1987-ல் ஜேம்ஸ் ஹான்சனும் லெபடெஃபும் வெளியிட்ட முறை இது.

பிரிட்டனின் 'ஹாட்கிரட்4' கணக்கில், அளவீடு இல்லாத கட்டம் காலியாகவே விடப்பட்டது. அதில் பல, வேகமாகச் சூடாகும் ஆர்க்டிக்கில். 'வெப்பமயமாதல் நின்னுடுச்சு' என்றவர்களுக்கு இது வசதியாகப் போனது. 2013-ல் கௌட்டன், வே என்ற இரு ஆய்வாளர்கள் காலி கட்டங்களை நிரப்பிப் பார்த்தார்கள். சூடேறும் வேகம் கூடியது. அடுத்து வந்த 'ஹாட்கிரட்5' அந்தக் கட்டங்களில் பெரும்பாலானவற்றை நிரப்பிவிட்டது.