வெர்காரா எதிர் கலிபோர்னியா வழக்கு

வெர்காரா எதிர் கலிபோர்னியா என்பது ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் அரசுப் பள்ளி ஆசிரியர்களின் பணிப் பாதுகாப்புச் சட்டங்களை எதிர்த்து ஒன்பது மாணவர்கள் 2012 ஆம் ஆண்டில் தொடுத்த வழக்கு ஆகும்.

பின்னணி

இச்சட்டங்களின்படி ஆசிரியர்கள் பொதுவாக இரண்டு ஆண்டுகளில் நிரந்தரப் பணி பெறுவர். அதன்பின் பணித்திறன் குறைவுக்காக ஒருவரை நீக்க விரும்பும் நிர்வாகம், குறைகளை எழுத்தில் அறிவித்துத் திருந்த 90 நாட்கள் அளித்தல் வேண்டும். இதனால் திறமையற்றோர் பணியில் நீடிப்பதாகவும், ஏழை மாணவர்களே பெரிதும் பாதிக்கப்படுவதாகவும் மாணவர் தரப்பு வாதிட்டது.

தீர்ப்புகள்

2014 இல் விசாரணை நீதிமன்றம் இச்சட்டங்கள் மாநில அரசியலமைப்புக்கு முரணானவை எனத் தீர்ப்பளித்தது. 2016 இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. எந்த ஆசிரியரை எப்பள்ளியில் அமர்த்துவது என்பதை முடிவு செய்வது சட்டம் அன்று, நிர்வாகிகளே என்பது அதன் விளக்கம் ஆகும். அதே ஆண்டில் மாநில உச்ச நீதிமன்றம் 4-3 என்ற கணக்கில் வழக்கை மீளாய்வு செய்ய மறுத்தது. எனவே சட்டங்கள் நிலைத்தன.